தீவனம் உங்களது, தீய்ச்சதும் நீங்கள், தண்டம் மட்டும் எங்களுக்கா?

  

கிணறு வற்றி, வெள்ளாமை கை கொடுக்காத காலத்தில், "கோழி வளர்த்தால் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கையில் காசு" என்ற பேச்சை நம்பி, தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்து ஷெட் போட்டவர்கள் நாம். 1990களில் கோவை வட்டாரத்தில் ஆரம்பித்த ஒப்பந்த முறை இன்றைக்குப் பல்லடம், உடுமலை, ஈரோடு, நாமக்கல் என்று பரவிக் கிடக்கிறது. இடம் நம்முடையது. ஷெட், கரண்டு பில், தண்ணீர், நார்க்கழிவு, ராத்திரித் தூக்கம் எல்லாம் நம்முடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. கோழி வளர்ந்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்கப்புறம் ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளில் எஃப்.சி.ஆர். என்று ஒரு எண் இருக்கிறது. ஒரு கிலோ உயிர் எடை ஏற எத்தனை கிலோ தீவனம் செலவாச்சு என்கிற கணக்கு அது. நம் கூலியைக் கூட்டுவதும் அறுப்பதும் அந்த ஒற்றை எண்தான்.

அந்த எண்ணுக்குள் ஒளிந்துகிடக்கிற ஒரு மோசத்தைப் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் வேதியியலும் இருக்கிறது. பயப்பட வேண்டாம். யூரியா மூட்டையில் போட்டிருக்கும் 46 என்ன என்று தெரிந்த எந்த விவசாயிக்கும் இது புரியும். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

போன மார்கழியில் நடந்தது

நம் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பண்ணைகளில் ஒரே வாரத்தில் குஞ்சு இறங்கியது. ஆறு பேருக்கும் ஒரே ஆலையிலிருந்து, அடுத்தடுத்த லோடில் தீவனம் வந்தது. மார்கழி மாதம், வெயில் கொடுமை இல்லை. பெரிசாக நோய் நொடி இல்லை, சாவும் வழக்கமான அளவுதான். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்தே கோழி ஒரே மாதிரி வரவில்லை. ஒரே ஷெட்டுக்குள் பெரிசும் சிறுசுமாக, இறகு சரியாக மூடாமல் நின்றது. தீவனம் மட்டும் குறையில்லாமல் இறங்கியது. வழக்கமாக 2 கிலோ 100 கிராம் சராசரி எடுக்கிற ஷெட்டில் 1 கிலோ 850 கிராம்தான் நின்றது. 1.62 வர வேண்டிய எஃப்.சி.ஆர். 1.84 ஆகிப்போனது. ஐயாயிரம் கோழி விட்டவருக்கு 60,000 ரூபாய்க்கு மேல் வர வேண்டிய இடத்தில் 32,000 வந்தது. அதில் கரண்டு, ஆள் கூலி, நார்க்கழிவு போக மிச்சம் என்ன என்று நாங்கள் எழுத வேண்டியதில்லை.

லைன் சூப்பர்வைசர் தம்பியிடம் கேட்டோம். "பராமரிப்பு பத்தலீங்கண்ணா" என்றார். ஆறு ஷெட்டிலும் ஆறு குடும்பமும் ஒரே வாரத்தில் சோம்பேறி ஆகிவிட்டோமா? அதே ஊரில் வேறு ஆலைத் தீவனம் வாங்கிய பண்ணைகளில் கோழி நன்றாகத்தானே வந்தது? பதில் இல்லை. அந்தத் தம்பியைக் குற்றம் சொல்லவில்லை. அவரும் சம்பளக்காரர். மேலே சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. மீதியிருந்த தீவனத்தில் இரண்டு கிலோ எடுத்து, கையிலிருந்து காசு கட்டி ஒரு ஆய்வகத்தில் கொடுத்தோம். அறிக்கை வந்தது. ஈரப்பதம் சரி. கச்சாப் புரதம் சரி, மூட்டையில் போட்டதைவிடக் காலே அரைக்கால் கூட. அதைக் கம்பெனி அலுவலகத்தில் காட்டினோம். சிரித்தார்கள். "நீங்களே கொடுத்த ரிப்போர்ட்டுங்க, புரதம் கரெக்டா இருக்குது, அப்புறம் என்ன?" என்றார்கள். தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தோம்.

தப்பு ஆய்வகத்தின் மேல் இல்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியான பதிலைத்தான் கொடுத்தார்கள். கேள்வியைத் தப்பாகக் கேட்டது நாங்கள். அதை எங்களுக்குப் புரியவைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு கால்நடை மருத்துவ ஆசிரியர். "புரதம் எவ்வளவு இருக்குன்னு கேட்டீங்களே தவிர, அது உசிரோட இருக்கா கருகிப் போச்சான்னு கேட்டீங்களா?" என்றார். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கண் திறந்தது.

கச்சாப் புரதம் என்கிற கண்கட்டு

மூட்டையில் "கச்சாப் புரதம் இத்தனை சதவீதம்" என்று அச்சடிக்கிறார்களே, அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? புரதத்தை நேராக யாரும் அளப்பதில்லை. 1883இல் டென்மார்க் நாட்டில், கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜோஹான் கெல்டால் என்பவர் கண்டுபிடித்த முறை அது. தீவனத் தூளைக் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். அதிலுள்ள தழைச்சத்து முழுதும் அம்மோனிய உப்பாக மாறுகிறது. பிறகு காரம் ஊற்றி, அம்மோனியாவை வடித்து எடுத்து அளக்கிறார்கள். ஆக, அளப்பது நமக்குத் தெரிந்த அதே தழைச்சத்து, நைட்ரஜன். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, வந்த எண்ணை 6.25ஆல் பெருக்கி, இதுதான் புரதம் என்று எழுதுகிறார்கள்.

நல்ல முறைதான். 140 வருசத்துக்கு மேலாக உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் அந்த முறைக்குக் கண் கிடையாது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. நல்ல சோயாவில் இருந்தாலும் ஒன்றுதான், கருகிய சோயாவில் இருந்தாலும் ஒன்றுதான். கோழி இறகைப் பொடித்துப் போட்டாலும், தோல் கழிவைப் போட்டாலும் எண் ஏறும். 46 சதவீதம் தழைச்சத்து உள்ள யூரியாவை 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள், 287 வரும். ஒரு கிலோ யூரியா இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல் "புரதமாக" ஏட்டில் ஏறிவிடும். மாடு அசைபோடும் விலங்கு, கொஞ்சம் யூரியாவைத் தாங்கிப் பயன்படுத்திக்கொள்ளும், அளவு மீறினால் செத்துப்போகும். கோழிக்கு அது துளியும் தீனி ஆகாது.

இது கற்பனை இல்லை. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறையாத மாதிரி காட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைக் கலந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் எண் சரியாக வந்தது. மூன்று லட்சம் குழந்தைகள் வரை பாதிக்கப்பட்டார்கள், ஆறு பச்சைக் குழந்தைகள் செத்தார்கள். அதற்கு முந்தின வருசம், 2007இல், அதே ரசாயனம் கலந்த சரக்கு அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் போய் அங்கே வளர்ப்புப் பிராணிகளைக் கொன்றது. எண் சரியாக இருந்தால் சரக்கு சரியாக இருக்கும் என்று இனி ஒருத்தர் நம்மிடம் சொன்னால், இந்த இரண்டு வருசத்தையும் ஞாபகப்படுத்துங்கள்.

நம் தீவனத்தில் மெலமைன் இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாததைச் சங்கம் பேசாது. நாங்கள் சொல்வது அதைவிடச் சாதாரணமான, அடிக்கடி நடக்கக்கூடிய ஒன்று: வெந்த பதம் தப்பிய சோயா.

பருப்பு வேகும் பதம்

கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். அது எரிபொருள். சதை போட வைப்பது சோயாப் புண்ணாக்கு. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கமிருந்து வருகிறது. 2021இல் விலை எகிறியபோது 12 லட்சம் டன் இறக்குமதிக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்த அதே சரக்கு. தீவனத்தில் விலை கூடிய பொருள் அது. கை வைத்தால் லாபம் கிடைக்கும் பொருளும் அதுதான்.

சோயா அவரையைப் பச்சையாகக் கோழிக்குப் போட முடியாது. புரதம் செரிக்க விடாமல் தடுக்கும் ஒரு சரக்கு அதற்குள் இருக்கிறது. எண்ணெயைக் கரைப்பான் ஊற்றிப் பிரித்தபின், ஆலையில் நீராவி கொடுத்து வேகவைக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகிப் போகும், அந்தத் தடுப்புச் சரக்கும் அடங்கும். இந்த வேகும் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அரைவேக்காட்டுப் பருப்பைத் தின்றால் வயிறு என்ன பாடு படும்? கோழிக்கும் அதே பாடுதான். சரி, அடிப்பிடித்துக் கருகிய பருப்பை யாராவது தின்போமா? அதிக நேரம் சூடு பட்டால் புரதத்தில் இருக்கும் லைசின் என்கிற முக்கியச் சத்து, சர்க்கரையோடு ஒட்டிச் சிவந்துபோகிறது. வறுத்த கடலை சிவந்து மணக்கிறதே, அதே வேலைதான். நாக்குக்கு ருசி, கோழிக்கு நட்டம். அப்படி ஒட்டிக்கொண்ட லைசினைக் கோழியின் குடலால் பிரித்து எடுக்க முடியாது. தின்றது அப்படியே எச்சத்தில் போகும். லைசின் பத்தாத கோழி பெரிசும் சிறுசுமாகத்தான் நிற்கும், நெஞ்சுச் சதை போடாது. மார்கழியில் நாங்கள் பார்த்தது அதைத்தான் என்று இப்போது சந்தேகப்படுகிறோம். நிரூபிக்கத்தான் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தத் துண்டறிக்கையின் சாரம்.

இரண்டு கிராம் காரம், ஒரு லிட்டர் தண்ணீர்

கருகலைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. புரதக் கரைதிறன் சோதனை என்று பெயர். 1990இல் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அராபா, டேல் என்ற இருவர், கோழிகளுக்குப் போட்டுப் பார்த்து ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியது. ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைக் கரைக்க வேண்டும். அந்தக் கரைசலில் 75 மில்லி எடுத்து, நன்றாக அரைத்த சோயாத் தூள் ஒன்றரை கிராம் போட்டு, 20 நிமிசம் கலக்க வேண்டும். கரைந்தது தண்ணீரோடு வரும், கரையாதது அடியில் நிற்கும். சுழலும் எந்திரத்தில் வைத்துச் சக்கையைப் பிரித்து, தெளிந்த தண்ணீரில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று அதே கெல்டால் முறையில் பார்க்க வேண்டும். மொத்தத்தில் எத்தனை சதவீதம் கரைந்தது என்பதுதான் விடை.

பச்சைச் சோயா நூற்றுக்கு நூறை நெருங்கிக் கரையும். சரியாக வெந்தது 78 முதல் 85 வரைக்கும் நிற்கும். 70க்குக் கீழே இறங்கினால் கருகியது என்று அர்த்தம். "அதிகம் கரைந்தால் நல்லது" என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். 90 என்றால் வேகவில்லை என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூட்டை சோயா, இரண்டிலும் கச்சாப் புரதம் 46. ஒன்றில் கரைதிறன் 80, மற்றதில் 55. நூறு கிலோவுக்கு முதல் மூட்டையில் கரையும் புரதம் 36 கிலோ 800 கிராம். இரண்டாவதில் 25 கிலோ 300 கிராம். பதினொன்றரை கிலோ எங்கே போச்சு? மூட்டைக்குள்தான் இருக்கிறது, எண்ணிலும் இருக்கிறது, கோழிக்கு மட்டும் இல்லை. கரைவதெல்லாம் அப்படியே செரித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கரைதிறன் இந்த அளவு விழுந்தால் கோழி வளராது என்பது வளர்த்துப் பார்த்துச் சொன்ன முடிவு.

யூரியேஸ் சோதனை என்று இன்னொன்றும் உண்டு. அது வேகாத சோயாவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சரியாக வெந்தாலே அந்த எண் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். அதற்கப்புறம் கருக்கினாலும் பூஜ்யம்தான். "யூரியேஸ் பார்த்துட்டோம், ஓகே" என்று சொல்கிறவர் பாதி உண்மையைச் சொல்கிறார். பச்சைக்கு யூரியேஸ், கருகலுக்குக் கரைதிறன், இரண்டும் வேண்டும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: யூரியா கலந்திருந்தால் அதுவும் தண்ணீரில் கரைந்துபோய்க் கரைதிறனை உயர்த்திக் காட்டும். யூரியாவுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செலவு? கச்சாப் புரதம் பார்க்கிற எந்த ஆய்வகத்திலும் கெல்டால் கருவி ஏற்கெனவே இருக்கும். கூடுதலாக ஒரு கலக்கும் கருவி, ஒரு சுழலும் எந்திரம், கொஞ்சம் காரம். ஒரே சாம்பிளுக்கு ஒரு தடவைக்குப் பதில் இரண்டு தடவை நைட்ரஜன் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒரு தராசு, கொடுக்கும்போது ஒரு தராசு

இந்தச் சோதனை தீவன ஆலைகளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! சோயாப் புண்ணாக்கு விற்கிற வியாபாரத்தில் புரதம், ஈரம், மணல், யூரியேஸ் இவற்றோடு கரைதிறனையும் எழுதி விலை பேசுவது நடைமுறை. இவ்வளவுக்குக் குறைந்தால் விலையைப் பிடி, ரொம்பக் குறைந்தால் லாரியைத் திருப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். அதாவது, வடக்கே உள்ள எண்ணெய் ஆலைக்காரரிடம் ஏமாறாமல் இருக்க இந்தச் சோதனை வேண்டும். விலை குறைத்து வாங்கிய அந்தச் சரக்கு அரைபட்டு, குச்சித் தீவனமாக நம் ஷெட்டுக்கு வரும்போது, கரைதிறன் என்ற வார்த்தையே காணாமல் போய்விடுகிறது. மூட்டையில் கச்சாப் புரதம் மட்டும்தான் மிஞ்சுகிறது. தரக்குறைவுக்காக அவர்கள் விலையில் தள்ளுபடி வாங்கிக்கொள்கிறார்கள். அதே தரக்குறைவுக்காக நம் கூலியில் தண்டம் பிடிக்கிறார்கள். ஒரே கருகலுக்கு இரண்டு பக்கமும் வசூல்! எல்லா ஆலையும் இப்படிச் செய்கிறது என்று சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிக்க நமக்கு வழி இல்லை என்கிறோம்.

இங்கேதான் முக்கியமான இடம். கலந்து முடிந்த தீவனத்தை நாம் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் "கரைதிறன் பாருங்கள்" என்றால் பிரயோஜனம் குறைவு. மக்காச்சோளப் புரதம் அந்தக் காரத்தில் சோயா மாதிரி கரையாது. மீன்தூள், இறைச்சித் தூள் கலந்திருந்தால் அது வேறு கணக்கு. 78, 85 என்ற எண்களெல்லாம் தனிச் சோயாவுக்குச் சொன்னவை. கலந்த தீவனத்தை வைத்து வழக்காடினால் எதிராளி ஒரே வாதத்தில் நம்மை உட்கார வைத்துவிடுவார். ஆகவே சாட்சி ஆலையின் கிடங்கில் இருக்கிறது. அரைபடுவதற்கு முன்னால் இருக்கிற சோயாதான் சாட்சி. அது அரைபட்ட மறுநிமிசம் சாட்சி அழிகிறது. நம் கைக்கு வருவது சாம்பல் மட்டும்.

அவர்கள் சொல்லப்போகும் சாக்குகள்

"ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறுங்க" என்பார்கள். உண்மை, மாறும். தூளை நைசாக அரைத்தால் அதிகம் கரையும், கொரகொரப்பாக அரைத்தால் குறையும். கலக்கும் நேரமும், கரைசலின் சூடும் கூடக் குறைச்சலாக இருந்தால் எண் தள்ளிப்போகும். தண்ணீரில் வேகமாக அடித்துப் பார்க்கிற முறை, மெதுவாக இரண்டு மணி நேரம் கலக்கிப் பார்க்கிற முறை என்று வேறு முறைகளும் உண்டு, அவற்றின் எண்களும் வேறு. அதனால் என்ன? எந்தச் சல்லடை, எத்தனை நிமிசம், எந்த முறை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டியதுதானே? எடைத் தராசில் கூடத்தான் ஏமாற்று நடக்கிறது. அதற்காகத் தராசே வேண்டாம் என்றா சொன்னோம்? முத்திரை போட்ட தராசு கேட்டோம்.

"எங்க பார்முலா தொழில் ரகசியம்" என்பார்கள். உங்கள் பார்முலா உங்களிடமே இருக்கட்டும் சாமி. எத்தனை கிலோ சோயா போட்டீர்கள் என்று கேட்கவில்லை. போட்ட சோயா வெந்ததா, கருகியதா என்று கேட்கிறோம்.

"எஃப்.சி.ஆர். கெடுவதற்கு ஆயிரம் காரணம்" என்பார்கள். நாமும் ஒத்துக்கொள்கிறோம். சித்திரை வெயில், ஈரமான கூளம், அம்மோனியா, ரத்தக்கழிச்சல், தண்ணீர் உப்பு, நம் பக்கத்துக் கவனக்குறைவு எல்லாம் உண்டு. ராத்திரி விளக்குக்கும் திரைக்கும் சோம்பல்பட்ட பண்ணையாளர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதெல்லாம் சூப்பர்வைசர் நோட்டில் நாள்தவறாமல் எழுதப்படுகிறது. குற்றம் கண்டுபிடிக்க நம் பக்கம் ஒரு நோட்டு இருக்கிறது. உங்கள் பக்கத்து நோட்டு எங்கே?

கறவை மாடு வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. கரைதிறன் கணக்கு மாட்டுக்கு வேறு மாதிரி. அதிகம் கரைகிற புரதம் மாட்டின் முதல் வயிற்றிலேயே உடைந்து அம்மோனியாவாக வீணாகும். அதனால்தான் பைபாஸ் புரதம் என்று சொல்லி, வேண்டுமென்றே கரைதிறனைக் குறைத்த தீவனம் விற்கிறார்கள். அது ஏமாற்று இல்லை, சரியாகச் செய்தால் பால் ஏறும். ஆனால் கருகிப்போனதைப் "பைபாஸ்" என்று பெயர் மாற்றித் தள்ளிவிடவும் முடியும். அது மாட்டின் எல்லா வயிற்றையும் பைபாஸ் பண்ணிச் சாணியில் போய்ச் சேரும். கலப்புத் தீவனத்துக்கான ஐ.எஸ். 2052 தர நிர்ணயத்திலும் மூட்டை வாங்குகிறவர் பார்ப்பது 20, 22 என்ற கச்சாப் புரத எண்ணைத்தான். மாட்டுத் தீவனம் பற்றித் தனியாக ஒரு துண்டறிக்கை போடுவோம். இப்போது கோழி.

நாம் கேட்பது

2019இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான் என்று அப்போது பெருமை பேசினார்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே விளைபொருளோடு கால்நடையும் இருக்கிறது. பெயரில் இருந்தால் போதாது, நம் ஒப்பந்தத் தாளிலும் இருக்க வேண்டும். விற்கும் கோழிக்கு எடையும் தரமும் பேசுகிற தாளில், நமக்குக் கொடுக்கும் தீவனத்தின் தரத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்.

அந்தப் பத்தியில் எழுத வேண்டியது இது. ஆலைக்கு வரும் ஒவ்வொரு லோடு சோயாவிலும் சாம்பிள் எடுத்து, முத்திரை வைத்து மூன்று பங்காக்க வேண்டும். ஒன்று ஆலைக்கு, ஒன்று கால்நடைத் துறைக்கு, ஒன்று அந்த பேட்ச் கணக்கு முடிந்து பணம் பட்டுவாடா ஆகும் வரை பாதுகாப்பில். எந்தத் தீவன லோடில் எந்தச் சோயா லோடு போனது என்ற எண் நம் தீவன பில்லில் அச்சாக வேண்டும். கரைதிறனும் யூரியேஸும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த இரண்டு எண்ணும் இல்லாத தீவனத்துக்கு எஃப்.சி.ஆர். தண்டம் பிடிக்கக் கூடாது. கரைதிறன் 70க்குக் கீழே என்று நிரூபணமானால் அந்த பேட்ச்சுக்குத் தண்டம் ரத்து, குறைந்தபட்சக் கூலி முழுதாகக் கொடுக்க வேண்டும். இதில் இறங்கிவர எங்களுக்கு இஷ்டமில்லை.

அரசாங்கத்திடம் கேட்பது ஒன்றுதான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. ஆனால் தூரத்து ஊர்ப் பண்ணையாளர் இரண்டு கிலோ தீவனத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஷெட்டை விட்டு ஒரு நாள் போக முடியாது. கால்நடை மருந்தகங்களில் சாம்பிள் வாங்கி அனுப்பும் ஏற்பாடு வேண்டும். மண் பரிசோதனைக்கு மண் வாங்குகிற மாதிரி, தீவனத்துக்கும் வாங்கட்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். வெறுங்கையோடு வராதீர்கள். கடைசி மூன்று பேட்ச்சின் கணக்குத் தாள், தீவன பில், மூட்டையில் தைத்திருக்கும் சீட்டு மூன்றையும் நகல் எடுத்துக் கொண்டு வாருங்கள். அசலை வீட்டில் வையுங்கள். எந்த ஆலை, எந்தத் தேதி லோடு, எந்தெந்த ஊரில் ஒரே நேரத்தில் எடை குறைந்தது என்று ஒரே அட்டவணையாகப் போடப்போகிறோம். ஆறு பேர் சொன்னால் பராமரிப்பு பத்தவில்லை என்பார்கள், அறுபது தாளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

இப்போது ஷெட்டில் கோழி இருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். தீவனம் இறங்கும்போது மேல், நடு, அடி என்று ஐந்தாறு மூட்டையிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கலந்து, ஒரு கிலோ வீதம் மூன்று பையில் கட்டுங்கள். தேதி, லோடு எண், லாரி எண் எழுதி, பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருவரிடமும் லாரி டிரைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். டிரைவர் போட மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதி வையுங்கள். ஈரம் படாத, எலி ஏறாத இடத்தில் வையுங்கள். சோயாவின் கரைதிறனுக்கு இது முழுச் சாட்சி ஆகாது என்று மேலே சொன்னோம். ஆனால் யூரியாவுக்கும் பூஞ்சை நஞ்சுக்கும் ஆகும். நாளைக்கு ஆலையில் முத்திரை வைத்த சாம்பிள் வரும்போது இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசவும் ஆகும்.

குஞ்சு இறங்கி ஒரு வாரம் ஆகாதவர்கள் ஷெட்டை விட்டு வர வேண்டாம், வீட்டிலிருந்து வேறொருவரை அனுப்புங்கள். பெண்கள் பெயரில் ஒப்பந்தம் உள்ள குடும்பங்களில் அவர்களே வர வேண்டும். மனுவில் கையெழுத்து ஒப்பந்தக்காரர் கையெழுத்தாக இருந்தால்தான் எடுபடும். மதியச் சாப்பாடு சங்கம் ஏற்பாடு செய்கிறது.

இவண்,
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்